கூட்டாளி விமான நிறுவனம் சரியும்போது கோட்ஷேர் டிக்கெட்டைக் காப்பாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு விமான நிறுவனம் தள்ளாடுகிறது என்று செய்தி வந்ததும், கோட்ஷேர் டிக்கெட் (ஒரு நிறுவனம் ஓட்டும் விமானத்தை இன்னொரு நிறுவனம் தன் விமான எண்ணில் விற்பது) வைத்திருப்பவர்கள் விமான எண்ணைப் பார்க்கிறார்கள், அல்லது அந்த விமானம் யாருடையது என்று பார்க்கிறார்கள். இரண்டும் தெரிய வேண்டியவைதான். ஆனால் உங்கள் பணம் யாரிடம் இருக்கிறது, உங்களை ஊர் சேர்க்க வேண்டிய கடமை யாருக்கு என்பதை இவை சொல்லாது. அதைச் சொல்வது டிக்கெட் எண். இங்கே எல்லாமே அதிலிருந்துதான் தொடங்குகிறது.

2019 ஏப்ரலில் நின்றுபோன ஜெட் ஏர்வேஸை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். எத்திஹாட், ஏர் பிரான்ஸ், கே.எல்.எம்., டெல்டா என்று பலரோடு கோட்ஷேர் வைத்திருந்த நிறுவனம் அது. அதனால் எல்லா வகைச் சிக்கலும் அதில் கிடைக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை முதலிலேயே: கீழே உள்ளதைப் படித்து முடிக்கும் வரை, ஆப்பில் இருக்கும் 'ரத்து செய்' பட்டனைத் தொடாதீர்கள்.

1. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் இ-டிக்கெட் ரசீது. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பயணத் திட்டத்தில் நேரமும் விமான எண்ணும் இருக்கும். 13 இலக்க டிக்கெட் எண் பல சமயம் இருக்காது. அந்த எண் இல்லாமல் போன் செய்தால் பேச்சு நகராது. குடும்பமாகப் போகிறீர்கள் என்றால் ஆளுக்கு ஒரு எண் உண்டு, மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தைக்கும் சேர்த்து. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள்.

அடுத்து கார்டு ஸ்டேட்மென்ட். பணம் எடுத்தவர் பெயராக அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விமான நிறுவனத்தின் பெயரா, புக்கிங் போர்ட்டலின் பெயரா, தெருமுனை டிராவல்ஸின் பெயரா? பின்னால் பணம் கேட்கும்போது எதிராளி யார் என்பதை இந்த ஒரு வரிதான் தீர்மானிக்கும்.

கடவுச்சீட்டும், அதில் உள்ள செல்லுபடியாகும் விசாக்களும். மாற்று வழி கேட்கும்போது இவை இல்லாமல் முடிவெடுக்க முடியாது.

கட்டண விதிகள், முன்பதிவுப் பக்கம், விமானத்தின் நிலை ஆகியவற்றைத் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நிறுவனம் மூடியபிறகு இணையதளமும் காணாமல் போகும். அப்போது போய்த் தேடினால் எதுவும் கிடைக்காது.

2. டிக்கெட் எண்ணின் முதல் 3 இலக்கத்தைப் பாருங்கள்

13 இலக்க எண்ணில் முதல் மூன்றும் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தின் குறியீடு. 589 என்றால் ஜெட் ஏர்வேஸ். 607 எத்திஹாட், 057 ஏர் பிரான்ஸ், 074 கே.எல்.எம்., 006 டெல்டா, 098 ஏர் இந்தியா, 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 603 ஸ்ரீலங்கன்.

பயணியின் பணம் போய்ச் சேர்வது இந்த நிறுவனத்துக்குத்தான். விமானத்தை வேறொருவர் ஓட்டினால், பயணம் முடிந்தபின் அவர் இந்த நிறுவனத்துக்கு பில் போட்டுத் தன் பங்கை வாங்கிக்கொள்வார். டிக்கெட்டை மாற்றி எழுதும் அதிகாரமும் டிக்கெட் வெளியிட்டவரிடம்தான் இருக்கும்.

சென்னையிலிருந்து பாரிசுக்கு ஜெட் ஏர்வேஸ் 2017 அக்டோபர் கடைசியில் நேரடி விமானம் தொடங்கியது. அதில் 24ஏ, 24பி என்று பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கையில் 589, இன்னொருவர் கையில் 057. ஒரே விமானம், ஒரே சாப்பாடு. ஆனால் ஜெட் நின்ற மறுநாள் 057 வைத்திருப்பவருக்குக் கதவைத் தட்ட ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிறுவனம் உண்டு. 589 வைத்திருப்பவருக்குப் பூட்டிய அலுவலகம்தான்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு: "நான் ஏர் பிரான்ஸ் எண் போட்ட விமானத்தில்தான் புக் செய்தேன், எனக்குக் கவலை இல்லை" என்று இருந்துவிடுவது. ஏர் பிரான்ஸ் எண் உள்ள விமானத்தை 589 டிக்கெட்டிலும் விற்க முடியும். போர்ட்டலில் வாங்கியவர்களுக்கு இது தெரியாமலே நடந்திருக்கும். டிக்கெட் எண்ணைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

3. ஒவ்வொரு கட்டத்தையும் ஓட்டுவது யார் என்று குறியுங்கள்

ரசீதில் ஒவ்வொரு விமானத்துக்கும் கீழே 'ஆபரேட்டட் பை' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். ஓட்டுபவர் பெயர் அதுதான். தாளில் மூன்று பத்தி போடுங்கள்: எங்கிருந்து எங்கே, விமான எண் யாருடையது, ஓட்டுவது யார்.

உள்நாட்டுக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். சென்னையிலிருந்து மும்பைக்கு ஜெட், மும்பையிலிருந்து அபுதாபி வழியாக நியூயார்க்குக்கு எத்திஹாட் என்ற டிக்கெட்டில், கடல் தாண்டும் பகுதி பத்திரமாக இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். ஆட்டம் காண்பது அந்த ஒன்றேமுக்கால் மணி நேரச் சென்னை–மும்பைக் கட்டம். அது போனால் பின்னால் உள்ள எல்லாமே போகும். ஏன் என்பது 6இல்.

திரும்பி வரும் பயணத்தையும் எழுதுங்கள். போகும்போது ஒருவர், வரும்போது வேறொருவர் என்பது சாதாரணம்.

4. உங்கள் நிலை எது?

*டிக்கெட் நல்ல நிறுவனத்தினுடையது, ஓட்டுவது தடுமாறும் நிறுவனம்.* இருப்பதில் நல்ல நிலை இது. விமானம் ரத்தானால் மாற்று ஏற்பாடு செய்வதோ பணம் திருப்பித் தருவதோ டிக்கெட் வெளியிட்டவர் பொறுப்பு. உங்கள் வேலை அவரைச் சரியான நேரத்தில் பிடிப்பது. 5இலிருந்து வரிசையாகப் போங்கள்.

*டிக்கெட் தடுமாறும் நிறுவனத்தினுடையது, ஓட்டுவது நல்ல நிறுவனம்.* வெளியிலிருந்து பார்க்கப் பாதுகாப்பாகத் தெரிவதும் உள்ளே அப்படி இல்லாததும் இந்த நிலைதான். விமானம் பறக்கும், இருக்கையும் உங்கள் பெயரில் இருக்கும். ஆனால் விமான நிறுவனங்கள் தங்களுக்குள் கணக்குத் தீர்ப்பது பெரும்பாலும் ஐயாட்டா என்ற உலக விமான நிறுவனங்கள் சங்கத்தின் கிளியரிங் ஹவுஸ் வழியாக. தடுமாறும் நிறுவனம் அங்கே பணம் கட்டத் தவறினால் அதை இடைநிறுத்துவார்கள். 2012 பிப்ரவரியில் கிங்ஃபிஷருக்கும் 2019 ஏப்ரலில் ஜெட்டுக்கும் அதுதான் நடந்தது. அதன்பின் உங்களை ஏற்றிச் சென்றால் காசு வராது என்று ஓட்டும் நிறுவனத்துக்குத் தெரியும். அது அந்த டிக்கெட்டை ஏற்க மறுக்கலாம். இந்த நிலையில் இருப்பவர்கள் உடனே ஓட்டும் நிறுவனத்திடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த எண்ணில் தொடங்கும் டிக்கெட்டை இன்றைக்கு ஏற்கிறீர்களா?" ஆம் என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள், முடிந்தால் பயணத்தை முன்னால் நகர்த்துங்கள். இல்லை என்றால் நேராக 10க்குப் போங்கள்.

*டிக்கெட்டும் ஓட்டுவதும் தடுமாறும் நிறுவனமே.* விமான எண் மட்டும் இன்னொருவருடையது. இதில் கோட்ஷேர் உங்களுக்கு எந்தப் பலமும் தராது. 10, 11 மட்டும் படித்தால் போதும்.

*இரண்டு தனி டிக்கெட்.* சில போர்ட்டல்கள் இரு நிறுவனத்தின் தனித்தனி டிக்கெட்டை ஒட்டி ஒரே பயணம்போலக் காட்டும். இரண்டு வெவ்வேறு 13 இலக்க எண் இருந்தால் அது கோட்ஷேர் பாதுகாப்பு அல்ல. முதல் விமானம் ரத்தானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களோடு எந்த உறவும் இல்லை. ஆனால் ஒரே பயணத்தில் கட்டங்கள் நான்கைத் தாண்டினாலும் அடுத்தடுத்த இரண்டு எண் வரும்; அது ஒரே டிக்கெட்டின் தொடர்ச்சிதான், பயப்பட வேண்டாம்.

இன்னும் வாங்காதவர்களுக்கு இதிலேயே விடை இருக்கிறது. அந்த விமானத்தில்தான் போயாக வேண்டும் என்றால் நல்ல நிறுவனத்தின் சொந்தத் தளத்தில், அதன் எண்ணில், கிரெடிட் கார்டில் வாங்குங்கள். ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் கொடுக்கலாம்.

5. பி.என்.ஆர். ஒன்றல்ல, இரண்டு மூன்று இருக்கும்

ஏஜென்ட் புக் செய்த அமைப்பில் ஒரு பி.என்.ஆர். (முன்பதிவுக் குறியீடு), விமான எண் கொடுத்த நிறுவனத்தில் ஒன்று, ஓட்டும் நிறுவனத்தில் இன்னொன்று. மூன்றும் ஆறு எழுத்து இலக்கக் கலவை, மூன்றும் வேறு வேறு. ஓட்டும் நிறுவனத்தின் தளத்தில் ஏஜென்டின் பி.என்.ஆரைப் போட்டுவிட்டு, "புக்கிங்கே இல்லை என்கிறது" என்று பதறுவது தினமும் நடப்பது.

டிக்கெட் வெளியிட்ட நிறுவனத்துக்குப் போன் செய்து, ஓட்டும் நிறுவனத்தின் பி.என்.ஆரைக் கேட்டு வாங்குங்கள். பிறகு இரண்டு தளத்திலும் தினம் ஒரு முறை பாருங்கள். நிறுவனங்களின் கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பித்தான் மாற்றங்களைச் சொல்லிக்கொள்கின்றன. தடுமாறும் நிறுவனத்தில் ஆள் குறையும்போது முதலில் தாமதமாவது இதுதான். ஓட்டுபவர் ரத்து செய்த விமானம் விற்றவரின் தளத்தில் இரண்டு நாள் வரை உறுதி என்றே நிற்கக்கூடும்.

போனில் நிலைக் குறியீட்டைக் கேளுங்கள். 'ஹெச்.கே.' என்றால் உறுதி. 'யு.என்.' என்றால் அந்த விமானம் இல்லை என்று பொருள். 'டி.கே.' என்றால் நேரம் மாறியிருக்கிறது. யு.என். வந்துவிட்டால் உங்கள் கை ஓங்கிவிட்டது: ரத்து அவர்கள் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது.

முன்பதிவில் உங்கள் சொந்த மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஏஜென்டுகள் தங்கள் எண்ணைப் போட்டுவிடுவார்கள். ரத்து அறிவிப்பு அவர் கடையின் இன்பாக்ஸில் கிடக்கும்.

6. நீங்களாக ரத்து செய்யாதீர்கள், நீங்களாக வேறு டிக்கெட்டும் வாங்காதீர்கள்

விமான நிறுவனங்களின் மொழியில் மாற்றம் இரண்டு வகை. பயணி கேட்டு நடப்பது 'வாலன்டரி'. அபராதம், கட்டண வித்தியாசம், ரீஃபண்ட் இல்லாத விதி எல்லாம் அதற்குப் பொருந்தும். நிறுவனத்தால் நடப்பது 'இன்வாலன்டரி'; முழுப் பணமோ கூடுதல் கட்டணமில்லாத மாற்றுப் பயணமோ கேட்க அதில் இடமுண்டு. விமானம் ரத்தாவதற்கு முந்தைய நாள் பயந்துபோய் நீங்கள் ரத்து பட்டனை அழுத்தினால், முதல் வகைக்குள் நீங்களே போய் உட்கார்ந்துவிட்டீர்கள். மறுநாள் விமானம் ரத்தானாலும் அந்தப் பணம் திரும்பி வராது.

நேர மாற்றம் பற்றிய மின்னஞ்சலில் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதுவும் இதே கதைதான். அபுதாபியில் 11 மணி நேரக் காத்திருப்பை அவசரத்தில் ஏற்றுக்கொண்டால், பிறகு மறுக்க முடியாது.

இரண்டாவது தவறு இதைவிடக் கனமானது. சென்னை–மும்பை ஜெட் விமானம் ரத்து. "சரி, அதற்கு மட்டும் வேறு நிறுவனத்தில் நாலாயிரம் ரூபாய்க்கு டிக்கெட் போட்டு மும்பை போய்விடலாம், அங்கிருந்து எத்திஹாட் இருக்கிறதே" என்று தோன்றும். டிக்கெட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கூப்பன் உண்டு; கூப்பன்களை வரிசையாகத்தான் பயன்படுத்த வேண்டும். முதல் கூப்பன் பயன்படாமல் நின்றால் கணினி உங்களை வராதவர் என்று எழுதி, பின்னால் உள்ள எல்லாக் கட்டத்தையும், திரும்பும் பயணத்தையும் சேர்த்து, ரத்து செய்துவிடும். மும்பை கவுன்டரில் நிற்கும்போதுதான் தெரியவரும். உள்நாட்டுக் கட்டத்தைச் சொந்தச் செலவில் போக நினைத்தால், அந்த முதல் கட்டத்தை நீக்கி டிக்கெட்டை மறுபடி எழுதித் தரச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

அப்படியானால் எவ்வளவு நாள் காத்திருப்பது? ஜெட்டின் கடைசி நாள்களைப் பாருங்கள். ஏப்ரல் 10 அன்று ஆம்ஸ்டர்டாமில் பாக்கிக்காக அதன் விமானம் ஒன்றைப் பிடித்து வைத்தார்கள். ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குக் கடைசி விமானம். இடையில் ஒரே வாரம். விமானங்களைக் குத்தகைக்காரர்கள் திரும்ப எடுப்பது, எரிபொருள் நிறுவனம் சப்ளையை நிறுத்துவது, ஊழியருக்குச் சம்பளம் நிற்பது, கூட்டாளிகள் தங்கள் விமான எண்ணை எடுத்துவிடுவது: இவற்றில் இரண்டைச் செய்தியில் பார்த்தாலே போன் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது. ரத்து செய்யச் சொல்லி அல்ல, மாற்று வழி கேட்டு. பயணத்துக்கு 14 நாள்கூட இல்லை என்றால் அன்றைக்கே.

7. மாற்று வழியை நீங்களே தயாராக வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள்

போனில் இருப்பவர் ஒரு நாளில் உங்களைப்போல் பலரைப் பார்ப்பவர். "ஏதாவது பண்ணுங்க" என்றால் கணினி முதலில் காட்டுவதைத் தருவார்; அது மூன்று நாள் கழித்து, இரண்டு இடத்தில் மாறுவதாக இருக்கும். விமான எண்ணும் தேதியும் சொல்லி இருக்கை கேட்டால் அவர் வேலையும் சுலபம், உங்கள் வேலையும் முடியும்.

மூன்று வழியைத் தாளில் எழுதுங்கள். முதலில் டிக்கெட் வெளியிட்ட நிறுவனத்தின் சொந்த விமானங்கள். அவற்றில் மாற்றித் தருவதற்கு அவர்களுக்குப் பணச் செலவு இல்லை, உடனே தருவார்கள். அடுத்து அதே கூட்டணியில் உள்ளவர்கள். கடைசியாக, கூட்டணியில் இல்லாவிட்டாலும் டிக்கெட் ஒப்பந்தம் உள்ளவர்கள். சென்னை–பாரிஸ் போய்விட்டது என்றால், "பெங்களூரிலிருந்து உங்கள் விமானமே இருக்கிறது, சென்னை–பெங்களூரையும் அதே டிக்கெட்டில் சேர்த்துக் கொடுங்கள்" என்று கேட்கலாம். அந்தக் குறுகிய கட்டத்தை அதே டிக்கெட்டில் சேர்க்கச் சொல்வது அவசியம். தனியாக வாங்கினால் அது தாமதமாகும்போது நீங்கள் தனி ஆள்.

'இன்வாலன்டரி ரீரூட்' என்ற சொல்லை அப்படியே பயன்படுத்துங்கள். கூடுதல் கட்டணம் கேட்டால், "இது நிறுவனத்தால் ஏற்பட்ட மாற்றம், நான் கேட்டதல்ல" என்று சொல்லி மேலாளரிடம் இணைப்பு கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் பயணமென்றால், அல்லது ஒன்றியத்துக்கு ஐரோப்பிய நிறுவனம் ஓட்டும் விமானமென்றால், ஒன்றியத்தின் பயணி உரிமை விதியான 261/2004ஐச் சொல்லலாம்: ரீஃபண்டா மாற்றுப் பயணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. அந்த விதியில் கடமை ஓட்டும் நிறுவனத்துக்கு என்பதுதான் பொது. ஆனால் பிராகாவிலிருந்து அபுதாபி வழியாக பாங்காக் போன ஒரே முன்பதிவில், இரண்டாம் கட்டம் எத்திஹாட் ஓட்டித் தாமதமானபோது, முதல் கட்டத்தை ஓட்டிய செக் நிறுவனமே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஜூலையில் சொன்னது. ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இது நேரடியாக உதவும் தீர்ப்பு.

விசா. ஒப்புக்கொள்ளும் முன் வழியில் இறங்கும் ஊரைப் பாருங்கள். லண்டன் வழியென்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் இந்தியக் கடவுச்சீட்டுக்கு இடைமாற்ற விசா வேண்டும். அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளின் விசா கையிலிருந்தால் விலக்குண்டு. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் நாடுகளின் விமான நிலையத்தில் மாறவே விசா தேவை; வதிவிட அனுமதி போன்ற சில ஆவணங்கள் வைத்திருப்பவர்களுக்குத்தான் விலக்கு. அமெரிக்க விமான நிலையம் வழியாகப் போனால் இடைமாற்றமானாலும் முழு விசாச் சோதனை உண்டு. மாற்றித் தருபவர் இதைப் பார்க்க மாட்டார். கிளம்பும் கவுன்டரில்தான் நிறுத்துவார்கள், அப்போது தவறு உங்களுடையதாகிவிடும்.

பெட்டி. பழைய டிக்கெட்டில் 23 கிலோவில் இரண்டு பெட்டி என்றிருந்தால், புது டிக்கெட்டிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். மாற்று நிறுவனத்தின் அளவு ஒரு பெட்டியாக இருந்தால் கவுன்டரில் பணம் கேட்பார்கள்.

வீல்சேர், சாப்பாடு, இருக்கை. இவை எதுவும் பழைய முன்பதிவிலிருந்து தானாக வந்துசேராது. மகளைப் பார்க்கத் தனியாகப் போகும் அம்மாவுக்கு மூன்று மாதம் முன்பே வீல்சேர் சொல்லி வைத்திருப்பீர்கள். விமானம் மாறியதும் அந்தக் கோரிக்கை அழிந்துவிடும். மாற்றிய அதே போனில் ஒவ்வொரு கட்டத்துக்கும் மறுபடி பதியச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து ஓட்டும் நிறுவனத்திடமும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தால், "ஏஜென்டிடம் போங்கள்" என்று நிறுவனம் தள்ளிவிடும். கிளம்ப 72 மணி நேரத்துக்குள் என்றால் நிறுவனமே நேராக எடுத்துச் செய்யும்படி வற்புறுத்துங்கள். நேரமிருந்தால் இரண்டு பக்கமும் தட்டுங்கள்.

8. இருக்கை கிடைத்தது போதாது, டிக்கெட் எழுதப்பட்டதா?

புதியவர்கள் அதிகம் கவிழும் இடம் இது. போனில் "மாற்றிவிட்டேன்" என்பார்கள், தளத்திலும் புது விமானம் தெரியும். அது முன்பதிவு மட்டும். முன்பதிவும் டிக்கெட்டும் இரண்டு தனிப் பதிவு. பழைய டிக்கெட் ரத்தான விமானத்தையே சுட்டிக்கொண்டிருந்தால், கவுன்டரில் உங்கள் பெயர் இருக்கும், ஏறுவதற்கு டிக்கெட் இருக்காது. டிக்கெட் இல்லாத முன்பதிவைச் சில நாளில் கணினியே நீக்கிவிடவும் செய்யும்.

அதனால் போனை வைக்கும் முன் இரண்டு கேள்வி. "டிக்கெட் ரீஇஷ்யூ ஆகிவிட்டதா, புது 13 இலக்க எண் என்ன?" "எல்லாக் கூப்பனும் ஓப்பன் ஃபார் யூஸ் என்று இருக்கிறதா?" சில நிறுவனங்கள் பழைய எண்ணையே வைத்துக்கொண்டு புது விமானத்தோடு இணைப்பார்கள், அதுவும் சரிதான், ஆனால் அப்படித்தான் செய்தோம் என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். ரீஇஷ்யூ வரிசையில் நிற்கிறது என்றால் 24 மணி நேரம் கழித்து மறுபடி போன். புது ரசீது மின்னஞ்சலில் வந்து, அதில் எண்ணைக் கண்ணால் பார்க்கும் வரை இந்த வேலை முடியவில்லை.

9. கடைசி 72 மணி நேரம்

கிளம்ப ஒன்று முதல் மூன்று நாள் இருக்கும்போது, கூப்பனின் கட்டுப்பாடு டிக்கெட் வெளியிட்டவரிடமிருந்து ஓட்டும் நிறுவனத்தின் கணினிக்குப் போகும். அதை 'ஏர்போர்ட் கன்ட்ரோல்' என்பார்கள். அந்த நிலையில் கூப்பனை ஓட்டுபவர் திருப்பி விட்டால்தான் வெளியிட்டவர் டிக்கெட்டை மாற்ற முடியும். ஓட்டுபவரின் அலுவலகத்தில் போன் எடுக்க ஆளில்லை என்றால், நல்ல நிறுவனமே உதவ நினைத்தாலும் கை கட்டப்பட்டிருக்கும். மாற்று ஏற்பாட்டைக் கடைசி மூன்று நாளுக்குத் தள்ளக் கூடாது என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

மாட்டிக்கொண்டால் போனில் நேரத்தை வீணாக்காமல், டிக்கெட் வெளியிட்ட நிறுவனத்தின் விமான நிலைய அலுவலகத்துக்கு நேரில் போங்கள். அங்கிருப்பவர்கள் தலைமையகத்தின் உதவிக் குழுவைக் கொண்டு கூப்பனை வலிந்து மீட்கவோ, புது டிக்கெட்டே எழுதவோ கேட்க முடியும். வெப் செக்-இன் செய்திருந்தால் அதை முதலில் நீக்கச் சொல்லுங்கள். செக்-இன் ஆன கூப்பனை மாற்றவே முடியாது.

பயண நாளன்று மருந்து, சார்ஜர், ஒரு மாற்றுடை, எல்லா ரசீதும் கைப்பெட்டியில் இருக்கட்டும். செக்-இன் ஓட்டும் நிறுவனத்தின் கவுன்டரில்தான். கோட்ஷேர் எண்ணை நம்பி வேறு வரிசையில் நின்று நேரம் போக்காதீர்கள். பெட்டிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பெட்டி தாமதமானால் அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள், சேதமானால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும் என்பது மான்ட்ரியல் உடன்படிக்கை. அதன்படி டிக்கெட்டில் ஒப்பந்தம் செய்தவர், ஓட்டியவர் இருவரில் யாரிடமும் கேட்கலாம். ஒருவர் திவாலானால் மற்றவரிடம் கேளுங்கள்.

10. பணத்தைத் திரும்பப் பெறுவது

வரிசை முக்கியம். முதலில் டிக்கெட் வெளியிட்ட நிறுவனத்திடம் எழுத்தில் ரீஃபண்ட் கேளுங்கள். ஏஜென்ட் மூலம் வாங்கினாலும் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்தினுடையது என்பது இந்தியாவில் டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) விதி. நல்ல நிறுவனம் இழுத்தடித்தால் அரசின் ஏர்சேவா புகார் தளத்திலும், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து வரும் பயணமென்றால், ரத்தான விமானத்துக்குக் கிரெடிட் கார்டு பணத்தை 7 வேலை நாளில் தர வேண்டும். கார்டில் பணம் எடுத்தவர் யாரோ அவரே தர வேண்டும்.

வவுச்சர் கொடுத்தால் வாங்காதீர்கள். மூடப்போகும் கடையின் கூப்பன் அது.

பதில் வராவிட்டால் கார்டு வங்கியில் சார்ஜ்பேக், அதாவது எடுத்த பணத்தைத் திருப்பி வாங்கித் தரக் கேட்பது. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள். அந்தக் கணக்கு டிக்கெட் வாங்கிய நாளிலிருந்து அல்ல, பயணம் நடந்திருக்க வேண்டிய நாளிலிருந்தோ சேவை கிடைக்காது என்று தெரிந்த நாளிலிருந்தோ தொடங்கும். மேல்வரம்பு பணம் கட்டிய நாளிலிருந்து 540 நாள். "வாங்கி மூன்று மாதமாகிவிட்டது, முடியாது" என்று கிளையில் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். டெபிட் கார்டுக்கும் இந்த வழி உண்டு. யு.பி.ஐ.யில், சேவை கிடைக்கவில்லை என்ற காரணத்துக்கு இதே வலு இல்லை.

படிவத்தில் காரணம் 'சேவை வழங்கப்படவில்லை' என்றிருக்க வேண்டும். 'நான் ரத்து செய்தேன்' என்று டிக் அடித்தால் ரீஃபண்ட் விதியைக் காட்டித் தள்ளிவிடுவார்கள். இ-டிக்கெட் ரசீது, ரத்து அறிவிப்பு அல்லது யு.என். நிலையின் ஸ்கிரீன்ஷாட், ரீஃபண்ட் கேட்ட மின்னஞ்சல், மாற்றுப் பயணம் தரப்படவில்லை என்ற ஒரு வரி: இந்த நான்கையும் இணையுங்கள். போகும் பயணம் முடிந்து திரும்புவது மட்டும் நின்றிருந்தால், அந்தப் பகுதித் தொகையை மட்டும் கேளுங்கள். முழுத் தொகை கேட்டால் முழுதும் மறுப்பார்கள்.

நல்ல நிறுவனத்தின் டிக்கெட்டில் இன்னும் பறக்க வேண்டிய கட்டம் மீதி இருந்தால் சார்ஜ்பேக் போடாதீர்கள். பணத் தகராறு வந்த டிக்கெட்டை நிறுவனம் முடக்கிவிடும். திரும்பி வர வழியிருக்காது.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆயுதம் உண்டு. டிக்கெட் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை இருந்து, நிறுவனத்திடமே கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில் கார்டு நிறுவனமே சட்டப்படி பொறுப்பு. இடையில் ஏஜென்ட் வந்தால் இந்தச் சங்கிலி அறுந்துபோகக்கூடும்.

பயணக் காப்பீட்டை நம்பும் முன் 'விமான நிறுவனம் திவால்' என்ற சொல் உள்ளே இருக்கிறதா பாருங்கள். பல பாலிசிகளில் இல்லை. இருந்தாலும், செய்தி வெளியான பிறகு எடுத்த பாலிசியில் செல்லாது.

11. கடைசி வழி: திவால் கோரிக்கை

டிக்கெட் வெளியிட்ட நிறுவனமே திவால் நடைமுறைக்குள் போய், கார்டு வழியும் அடைபட்டால், நீங்கள் கடன்காரர் (நிறுவனம் பணம் தர வேண்டியவர்) பட்டியலில் ஒருவர். இந்தியாவில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் நியமிக்கும் தீர்வு நிபுணர் பொது அறிவிப்பு வெளியிடுவார். அதில் படிவமும் கடைசி நாளும் இருக்கும். இ-டிக்கெட் ரசீது, பணம் கட்டிய சான்று, அடையாளச் சான்று மூன்றோடு அனுப்பி, ஒப்புகை எண்ணை வாங்கி வையுங்கள்.

எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்பதும் கணக்கில் வரலாம். ஏர் பெர்லின் 2017 ஆகஸ்ட் 15இல் திவால் மனு போட்டது, அக்டோபர் 27இல் கடைசி விமானம் பறந்தது. மனுவுக்குப் பிறகு வாங்கியவர்களின் பணம் தனிக் கணக்கில் வைக்கப்பட்டது. முன்னால் வாங்கியவர்கள் கடன்காரர் வரிசைக்குப் போனார்கள். அதனால் வாங்கிய நாளின் ரசீதைத் தேதியோடு இணையுங்கள்.

பெரிய தொகை எதிர்பார்க்க வேண்டாம். வங்கிகளும் ஊழியர்களும் முன்னால் நிற்பார்கள். ஜெட் ஏர்வேஸ் வழக்கு 2019 ஜூனில் தீர்ப்பாயத்துக்கு வந்தது. நிறுவனத்தைக் கலைத்துவிடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பர் 7இல். கோரிக்கையில் கொடுக்கும் மின்னஞ்சலும் வங்கிக் கணக்கும் அத்தனை வருடம் கழித்தும் உங்களிடம் இருக்கக்கூடியவையாக இருக்கட்டும். அலுவலக முகவரியைக் கொடுக்காதீர்கள்.